ஓநாயைக் காணாத மூக்கு

பிரின்ஸ் ரூபர்ட் துறைமுகத்தில் கப்பல் ஏறியதிலிருந்து விடாத மழை. ஹெகேட் நீரிணையைக் கடக்க 7 மணி நேரத்துக்கு மேல் ஆனது. கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் ஹைடா குவாய் தீவுகளுக்கு, அங்கே வாழும் ஹைடா என்ற பழங்குடி மக்கள் செதுக்கிய மரத்தூண்களைப் பார்க்கவே பலரும் வருகிறார்கள். நான் வந்தது மான்களுக்காக.

தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஸ்கிடகேட்டிலிருந்து வடக்கே போகும் சாலையோரப் புல்லில் மட்டுமே 11 மான்களை எண்ணினேன். எல்லாம் கறுவால் மான்கள். காரை நிறுத்திக் கதவைத் திறந்தபோதும் ஒன்றுகூட ஓடவில்லை.

இந்தத் தீவுகளுக்கு மான் சொந்தமில்லை. 1878 முதல் பல தடவைகளில் மனிதர்கள்தான் கொண்டுவந்து விட்டார்கள். இங்கே ஓநாய் கிடையாது, மலைச்சிங்கம் எனப்படும் பூமா கிடையாது. இருப்பது கருங்கரடி மட்டும். மான்கள் பெருகின, ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு நீந்தியும் போய்ச் சேர்ந்தன.

காட்டுக்குள் என்னை அழைத்துப்போனவர் ஒரு ஹைடா அம்மையார். தரையெங்கும் பாசி, காலடி ஓசையே எழவில்லை. எவ்வளவு அழகு என்றேன். அவர் நின்று திரும்பினார். "என் பாட்டி காலத்தில் இங்கே பழம் பறிக்க நுழைந்தால் முட்செடி உடையைக் கிழிக்குமாம். இப்போது பாருங்கள், ஓடியே போகலாம்." அதன் பிறகுதான் இல்லாதது கண்ணில் பட்டது. முழங்கால் உயரத்தில் ஒன்றுமே இல்லை. புதர் இல்லை, சீடர் மரத்தின் ஒரு கன்றுகூட இல்லை. எப்போதோ வெட்டிய பெருமரத்தின் அடிக்கட்டை ஒன்று என் தலைக்கு மேல் உயர்ந்து நின்றது. அதன் உச்சியில், மானின் வாய் எட்டாத இடத்தில், ஹக்கிள்பெரி என்ற பழச்செடி தழைத்துத் தொங்கியது. காடு முழுவதும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தபோது நெஞ்சு கனத்தது.

கட்டையின் அடியில் தப்பிப் பிழைத்த ஒரு குச்சியைக் காட்டினார். நுனி பிசிறு பிசிறாக இருந்தது. மானுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் இல்லை. கீழ்ப்பற்களுக்கும் மேல் ஈறுக்கும் நடுவே கவ்வி, இழுத்துத்தான் கிழிக்கும். அதே குச்சியில் பழைய கடிகள் ஐந்தாறு, ஒன்றன்கீழ் ஒன்றாகத் தழும்பேறியிருந்தன. துளிர்க்கத் துளிர்க்க வந்து தின்றிருக்கிறது.

என்னை இவ்வளவு தூரம் வரவழைத்தது 2014-இல் வெளியான ஓர் ஆய்வு. இந்தத் தீவுகளில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாக ஓநாயின் நிழலைக்கூடக் காணாத மான்களுக்கு தீனியருகே ஓநாயின் சிறுநீர் வாடையைக் காட்டிப் பார்த்தார்கள். அவை தயங்கின, குறைவாகத் தின்றன. தங்களோடு கூடவே வாழும் கரடியின் வாடைக்கு அவ்வளவு அஞ்சவில்லை. யாரும் கற்றுக்கொடுக்காத அச்சம் இது. பிறக்கும்போதே மூக்கோடு வந்திருக்கிறது. அதிலும் எது அதிக ஆபத்து என்ற தரம்பிரிப்பு வேறு! அதே ஆண்டு ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலிருந்து வந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. ஓநாய்ச் சிறுநீரில் இருக்கும் பைரசின் வகைச் சேர்மங்களை மட்டும் வைத்தே சிகா மான்களை மேய்ச்சலிலிருந்து விலகச் செய்தார்கள். அங்கும் ஓநாய் அழிந்து நூறாண்டுக்கு மேலாகிறது.

வாடை, உருவத்தைப் போன்றதல்ல. ஓநாயைக் கண்டால் மான் ஓடிவிடும், அத்தோடு முடிந்தது. வாடையோ, வந்துபோனது என்று மட்டும் சொல்கிறது. இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்வதில்லை. எனவே மான் தின்னவும் வேண்டும், அஞ்சவும் வேண்டும். ஒரு வாய், உடனே தலையை உயர்த்தல், இன்னொரு வாய். நல்ல தழை இருக்கும் புதரை விட்டுவிட்டு மட்டமான புல்லுக்குப் போகிறது. கிடைத்ததை விழுங்கிவிட்டு வேறிடத்தில் படுத்து அசைபோடுகிறது. அது விட்டுப்போன ஒவ்வொரு வாயும் ஒரு மரக்கன்று வளர்வதற்கான வாய்ப்பு.

மான்களை விலக்கத் தோட்டக்காரர்கள் சில நாடுகளில், ஓநாய்க்கு உறவான கொயோட் என்ற விலங்கின் சிறுநீரை வாங்கித் தெளிப்பதுண்டு. 1991-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கொயோட், பாப்கேட் என்ற காட்டுப்பூனை இரண்டின் சிறுநீரும் வெள்ளைவால் மான்கள் செடியைக் கடிப்பதைக் குறைத்தன. மனிதச் சிறுநீர் அப்படிக் குறைக்கவில்லை. ஆனால் மழை கரைத்துவிடும். வாடையைத் தொடர்ந்து பல் வராவிட்டால் மானும் நாளடைவில் பழகிவிடும். இதை ஒரு மருந்துபோல நம்புகிறவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

திரும்பும் வழியில் ஒரு பெண்மான் பத்தடி தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. காற்று எங்கள் பக்கமிருந்து அதன் பக்கம் திரும்பியது. பாதி மென்ற இலை வாயோரம் தொங்க, தாடை அப்படியே நின்றது. நாக்கால் மூக்கை நக்கி ஈரமாக்கிக்கொண்டு, முகத்தை உயர்த்திக் காற்றை இழுத்தது. ஈரத்தில்தான் வாடை நன்றாகப் படியும். அம்மையார் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். மூச்சை அடக்கி நின்றோம். பிறகு தாடை மறுபடியும் அசைய ஆரம்பித்தது. மான் குனிந்து அடுத்த குச்சியைக் கவ்வி இழுத்தது.