ஆறு விநாடிப் பேட்டி

ஜனவரி 16, 2025, வியாழன்

பொங்கல் கரும்பு இன்னும் சமையலறை மூலையில் சாய்ந்து கிடக்கிறது. கடிக்கப் பல் உள்ளவர்களுக்கு நேரம் இல்லை, நேரம் உள்ளவர்களுக்குப் பல் இல்லை.

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக் கடையில் ஒரு வாரமாக ஒரே பேச்சு. 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு சிபிஎஃப் சிறப்புக் கணக்கை ஞாயிற்றுக்கிழமையோடு மூடுகிறார்கள். பேப்பரில் மத்திய சேம நிதி என்று போடுவார்கள், நம் வாயில் அது சிபிஎஃப்தான்: ஓய்வுக்காலத்துக்காக நம் சம்பளத்திலிருந்தும் முதலாளியிடமிருந்தும் மாதாமாதம் சேரும் பணம். அந்தக் கணக்கில் இருக்கும் பணம் ஓய்வுக்காலக் கணக்குக்குப் போகும். அங்கே முழு ஓய்வுக்காலத் தொகை, அதாவது அந்தந்த வயதினருக்கு அரசாங்கம் நிர்ணயித்த அளவு, நிரம்பிவிட்டால் மிச்சம் சாதாரணக் கணக்குக்கு வரும். முதல் இரண்டிலும் வட்டி 4 விழுக்காடு, சாதாரணக் கணக்கில் 2.5. ஆகவே வருத்தப்பட வேண்டியவர், முழுத் தொகையும் நிரம்பி அதற்கு மேலும் வழிகிறவர். அவரும் விரும்பினால் 426,000 வெள்ளி வரைக்கும் ஓய்வுக்காலக் கணக்கில் போட்டு அதே 4 விழுக்காட்டை வாங்கிக்கொள்ளலாம்.

நான் குடிக்கும் ‘கோப்பி ஓ’ என்ற பாலில்லாக் காப்பியை விட விளக்கம் நீண்டுவிட்டது. ஆனால் பேப்பரில் நான் பார்த்த கட்டுரைகளெல்லாம் இந்த வழிகிறவர்களைப் பற்றித்தான். எங்கே போட்டால் எவ்வளவு வரும், எதை எப்போது மாற்றுவது. படமும் அப்படியே: வெள்ளைச் சட்டை போட்ட ஒரு தம்பதி மடிக்கணினியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிபிஎஃப் கணக்கைத் திறந்துவிட்டுச் சிரித்த ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

பக்கத்து மேசைப் பெரியவர் வழக்கம்போல், “நமக்குத்தான் இதெல்லாம், மந்திரிமாருக்கு பென்ஷன் இருக்கு” என்றார். மந்திரிகளுக்குப் புதிதாக பென்ஷன் சேர்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்களே மாமா என்றேன். “அப்படியா?” என்று கேட்டுவிட்டு, அடுத்த மேசைக்குப் போய் அதையே சொன்னார்.

ஜனவரி 18, சனி

ஈரச்சந்தையிலிருந்து இரண்டு கையிலும் பையோடு வந்துகொண்டிருந்தேன். ஒரு பெண் பிள்ளை, என் மகளைவிடச் சின்னவள், மைக்கை நீட்டினாள். மைக்குக்குப் பூனைக்குட்டி மாதிரி ஒரு ரோம உறை. “ஆன்ட்டி, ஒரே நிமிஷம். சிறப்புக் கணக்கு மூடுறதைப் பத்தி உங்க கருத்து?”

கருத்தா? கருத்து கேட்டால் விடுவேனா? பையைக் கீழே வைத்தேன். வஞ்சிரம் வேறு உள்ளே வியர்த்துக்கொண்டிருந்தது.

நான் சொன்னதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். “அதை மூடுறதுல எனக்குக் கவலை இல்லைம்மா, அதுல மூடுறதுக்கு என்ன இருக்கு? எனக்கு இருக்கிறதெல்லாம் ஓய்வுக்காலக் கணக்குல ஒரு நாற்பத்தெட்டாயிரம். அறுபதாயிரம் இருந்தாத்தான் சாகிற வரைக்கும் மாசாமாசம் வர்ற சிபிஎஃப் லைஃப்புல தானாச் சேர்ப்பாங்க. இல்லேன்னா நாமா எழுதிக் கொடுத்துச் சேரணும், சேராட்டி பணம் தீர்ற வரைக்கும்தான். என்னோட கவலை அது.” அப்புறம் ஃபேக்டரிக் கதை, மாமியார் கதை. ஏழு நிமிடமாவது பேசியிருப்பேன். அவளும் “ஆமாம் ஆன்ட்டி, ஆமாம் ஆன்ட்டி” என்று தலையாட்டினாள். கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு பழையபடி நடந்து வரச் சொன்னாள். இரண்டு முறை நடந்தேன். இரண்டாவது நடைதான் இயல்பாக இருந்ததாம்.

ஜனவரி 20, திங்கள்

வந்தது. வீட்டுக்காரர் தொலைக்காட்சியில் சத்தத்தைக் கூட்டி வைத்து, தன் தங்கைக்கும் போன் போட்டுச் சொல்லியிருந்தார். முதலில் நடை. அப்புறம் என் முகம், முழுசாக. “அதை மூடுறதுல எனக்குக் கவலை இல்லைம்மா.” வெட்டு. அடுத்து ஒரு நிதி ஆலோசகர் முக்கால் நிமிடம் பேசினார்.

ஆறு விநாடி. மகன் எண்ணிச் சொன்னான்.

நான் சொல்லாத வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். பொய் சொல்லியிருந்தால் போன் போட்டுச் சண்டை போடலாம். இது என் வாய், என் குரல், என் வஞ்சிரப் பை. ஆனால் சொன்னது வேறொருத்தி.

எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். முடி வெட்டப் போன இடத்தில்தான் தமிழ் முரசு படிப்பார். ஒரு செய்தியை ஒருவர் உரக்க வாசிக்க நாலு பேர் கேட்பார்கள், அப்புறம் அரை மணி நேரம் சண்டை. அவருக்கு ‘பேப்பரில் போட்டிருக்கான்’ என்றால் அதற்கு மேல் சாட்சி வேண்டாம். கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய அந்தப் பேப்பருக்கு இந்த வருடம் தொண்ணூறு. எனக்கு அப்பாவின் நம்பிக்கையில் பாதிதான் மிச்சம். 2023 ஜனவரியில், அந்தப் பேப்பரையும் நடத்தும் எஸ்பிஎச் மீடியாவில் தினசரி விற்பனையை 85,000 முதல் 95,000 பிரதிகள் வரை கூட்டிக் காட்டியிருந்தார்கள் என்று செய்தி வந்தபோது, அதையும் பேப்பரில்தான் படித்தேன். தன் குறையைத் தானே போட்டார்களே என்று அன்றைக்கு அரை மார்க் கொடுத்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

நாத்தனார் போன்: “உனக்கென்னக்கா கவலை, டிவியிலேயே சொல்லிட்டியே.” வேலை பார்க்கும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் சமையல்கார அம்மா, மலாய்க்காரர், கட்டை விரலைக் காட்டினார். மின்தூக்கியில் பார்த்த ஒருவர் எந்தப் பங்கில் போட்டிருக்கிறேன் என்று கேட்டார்.

ஜனவரி 26, ஞாயிறு

கரும்பை வெட்டி ஒருவழியாகத் தூக்கிப் போட்டாயிற்று.

அந்தப் பிள்ளை வெட்டி எறிந்த ஏறக்குறைய ஏழு நிமிடத்தை இங்கே எழுதிவிடுகிறேன். யாரும் வெட்ட முடியாது.

நான் 1980-இல், பதினேழு வயதில், அங் மோ கியோ தொழிற்பேட்டையில் மின்னணுச் சில்லு செய்யும் ஃபேக்டரியில் சேர்ந்தேன். நுண்ணோக்கியில் கண்ணைப் புதைத்து, முடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டும் வேலை. 1984-இல் சிபிஎஃப் உச்சத்துக்குப் போனது: என் சம்பளத்தில் 25 விழுக்காடு, முதலாளி 25. நூறு வெள்ளி சம்பளத்துக்கு ஐம்பது வெள்ளி சேரும். பொருளாதாரம் படுத்ததும் 1986-இல் முதலாளி பங்கை 25-லிருந்து 10 ஆக்கினார்கள். வேலை போகாமல் இருந்ததே பெரிது என்று நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, ஆனால் அந்த 25 திரும்பி வரவே இல்லை. இன்றைக்கு 55 வயது வரை உள்ளவர்களுக்கு முதலாளி போடுவது 17.

1989-இல் இரண்டாவது குழந்தை. வேலையை விட்டேன். சேர்த்ததில் பெரும்பங்கு இந்த நாலறை வீட்டுக்குப் போயிருந்தது. அப்புறம் மாமியாருக்குப் பக்கவாதம், ஆறு வருடம். அவரைப் புரட்டிப் போட்டு முதுகைத் துடைக்கும்போது ஒரு கையை அவர் தோளுக்கடியில் கொடுத்து, முழங்காலைக் கட்டிலில் முட்டுக்கொடுக்க வேண்டும். அந்த முழங்கால் இப்போதும் மழைக்கு முன்னால் செய்தி சொல்லும். மறுபடி சம்பளத்துக்குப் போனது 2012-இல். நடுவில் இருபத்து மூன்று வருடம் என் சிபிஎஃப் அறிக்கையில் வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது, வேறு ஒரு வரி இல்லை. அதைப் பார்க்கிறவர்கள் நான் தூங்கிவிட்டேன் என்று நினைக்கலாம்.

2018-இல் எனக்கு 55. என் வயதுக்காரர்களுக்கான முழுத் தொகை 171,000. நான் நின்ற இடத்திலிருந்து அது லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து கிழக்குக் கோடிச் சாங்கி மாதிரி.

இவர் சொல்கிறார், “போட்டவனுக்குத்தானே வரும், அதுதானே நியாயம்?” சரிதான். சிபிஎஃப் உண்டியல் மாதிரி, போட்டதும் வட்டியும்தான் திரும்பும். அடுத்த தலைமுறையின் சம்பளத்திலிருந்து எனக்குக் கொடுக்கும் ஏற்பாடு இல்லை, அதனால் திவாலாகாது, எனக்கும் அதில் மரியாதை உண்டு. ஆனால் உண்டியலுக்குச் சம்பளம்தான் தெரியும், வேலை தெரியாது. அதே ஆறு வருடம் நான் வேறொரு வீட்டு மாமியாரைச் சம்பளத்துக்குப் பார்த்திருந்தால் சிபிஎஃப் போட்டிருப்பார்கள்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஒரே தொகையை வைத்துக்கொண்டு இவரும் நானும் சிபிஎஃப் லைஃப்பில் சேர்ந்தால் எனக்கு மாதத் தொகை கொஞ்சம் குறைவு. பெண்கள் அதிக நாள் உயிரோடு இருப்போமாம். கணக்குப்படி சரி. ஆனால் குறைவாகச் சேர்த்தவளுக்குக் குறைவாகக் கொடுத்து அதிக நாள் ஓட்டச் சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்? இவர் மட்டும் சிரித்தார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து ஈசூனில் கடைகள் பாதிதான் திறந்திருந்தன.

மன்னார்குடியிலிருந்து இவருடைய அண்ணன் பேசினார். முப்பது வருடம் தனியார் ஆலையில் வேலை. வருங்கால வைப்பு நிதியோடு வரும் பென்ஷன், குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். இன்றும் அதே ஆயிரம். நம் காசில் பதினைந்து வெள்ளி சொச்சம், தேக்காவில் இரண்டு பேர் ஒருவேளை சாப்பிடலாம். அவருடைய மைத்துனர் அரசுப் பள்ளி ஆசிரியர், பழைய பென்ஷன், அகவிலைப்படி ஏறும்போதெல்லாம் இனிப்பு வாங்கி அனுப்புவார். அந்த மைத்துனரின் மகனும் அரசு வேலைதான், ஆனால் 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவன் என்பதால் புதிய திட்டம். ஒரே பந்தியில் மூன்று விதச் சாப்பாடு.

டிவியில் இதைப் பேசுகிறார்களா என்று கேட்டேன். “பேசுறாங்களாவது! எட்டுக் கட்டத்துல எட்டுப் பேர் கத்துறான். யாரு பென்ஷன் வாங்குறவன், யாரு கட்சிக்காரன்னே தெரியல” என்றார். எனக்கு என் ஆறு விநாடியே தேவலை என்று தோன்றியது. அண்ணனுக்கு அதுகூட இல்லை.

பிப்ரவரி 8, சனி

மகள் வந்தாள். என் ஓய்வுக்காலக் கணக்கில் 2,000 வெள்ளி போட்டாள். சேமிப்பு குறைந்த எங்களைப் போன்றவர்களுக்கு நாம் போடும் அளவுக்கு அரசாங்கமும் ஈடாகப் போடும். முன்பு வருடத்துக்கு 600 வரைதான், இந்த ஜனவரியிலிருந்து 2,000 வரை, வாழ்நாளுக்கு மொத்தம் 20,000. என் பக்கம் 50,000 ஆனது. ஈடு வரும் வருடத் தொடக்கத்தில் வந்துவிட்டால் 52,000. சிறப்புக் கணக்குக்கு அத்தனை பக்கம் எழுதினார்களே, இது எங்கோ ஏழாம் பக்க மூலையில் கிடந்தது. எங்களைப் போன்றவர்களுக்குப் பயன்படுகிற சேதி பொடி எழுத்தில் வரும் என்பது என் அனுபவம்.

மகள் போட்ட இரண்டாயிரத்தைக் கடனாக நோட்டில் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். அவளும் இப்போது அரை நாள் வேலைக்கு மாறலாமா என்று யோசிக்கிறாள், சின்னவனுக்காக. நான் ஒன்றும் சொல்லவில்லை. சிபிஎஃப் அறிக்கையை மட்டும் திறந்து காட்டினேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடந்தது முழங்காலுக்குத் தெரியும். முருகனிடம் வட்டி விகிதம் எதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

வரவுசெலவுத் திட்டம். பிரதமர் லாரன்ஸ் வோங் பேச்சை வேலைக்கு நடுவே கைபேசியில் விட்டுவிட்டுக் கேட்டேன். அடுத்த ஜனவரியிலிருந்து 55-ஐத் தாண்டி 65 வயது வரை உள்ள ஊழியர்களுக்கு சிபிஎஃப் சந்தா ஒன்றரை விழுக்காட்டுப் புள்ளி ஏறுகிறது. எனக்கும் உண்டு. நாட்டின் அறுபதாம் ஆண்டுக்காக எஸ்ஜி60 பற்றுச்சீட்டு 600 வெள்ளி, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 800.

சாயங்காலம் எந்த அலைவரிசையைத் திருப்பினாலும் பற்றுச்சீட்டுதான். சந்தா உயர்வு அடியில் ஓடும் எழுத்தில் போனது. பற்றுச்சீட்டு ஒரு தடவை வருவது, சந்தா மாதாமாதம் வருவது.

பிப்ரவரி 19, புதன்

அந்தப் பிள்ளையிடமிருந்து வாட்ஸ்அப். மறுபடி பேட்டி வேண்டுமாம், நாளை காலை, அதே இடம். போன தடவை வெட்டியதைக் கேட்டேன். “எனக்குக் கொடுத்ததே மொத்தம் ஒண்ணரை நிமிஷம் ஆன்ட்டி, அதுல நாலு பேர்” என்று எழுதினாள். பக்கத்திலேயே கூப்பிய கை இரண்டு. பாவம், அவளுக்கும் யாரோ கத்தரிக்கோலைக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

இந்த முறை வெட்ட முடியாத மாதிரி ஒரே வாக்கியம் தயார் செய்தேன். “இருபத்து மூணு வருஷம் வீட்டுல வேலை பார்த்தேன், அதுக்கு யாரும் சிபிஎஃப் போடல.” மகன் கைபேசியில் நேரம் பார்த்தான். ஐந்து விநாடி. மூச்சு விடாமல் சொன்னால் நாலு. ‘வேலை பார்த்தேன்’ என்ற இடத்தில் நிறுத்தினால் அங்கேயே வெட்டிவிடுவார்கள் என்று இவர் எச்சரித்தார். நிறுத்தாமல் சொல்லிப் பழகினேன், அரிசி களைந்துகொண்டே.

பிப்ரவரி 20, வியாழன்

காலையில் நல்ல புடவை. மைக்கின் பூனைக்குட்டிக்கு இன்றைக்குச் சாம்பல் நிறம். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: “ஆன்ட்டி, இன்னைக்கு பற்றுச்சீட்டு மட்டும்தான். எண்ணூறு வெள்ளியில என்ன வாங்குவீங்க? சிரிச்ச மாதிரி சொல்லுங்க.”

அரிசி என்றேன்.

“எந்த அரிசி?” என்றாள். பொன்னி என்றேன். இரண்டு முறை நடந்து காட்டினேன்.