புதுக்குடியிருப்பில் புட்டு சாப்பிட்ட காலை

யாழ்ப்பாணத்தில் இறங்கியதுமே வயிற்றெரிச்சல். ஸ்டேஷனிலிருந்து லாட்ஜ் 2 கிலோமீட்டர்கூட இருக்காது, ஆட்டோவுக்கு 1,500 ரூபாய் வாங்கிவிட்டார். என் ஒருநாள் சாப்பாட்டுக் காசு அது! கேட்டால், "ஓட்டோ லீசிங் அண்ணை, மாசம் பிறந்தா கட்டோணும்" என்கிறார். அவர் கஷ்டம் புரிந்தது, ஆனாலும் அது அநியாயம்தான். முதலிலேயே பேசிவிட்டு ஏறுங்கள்.

மறுநாள் முல்லைத்தீவு பஸ். என் காலை யாரோ மிதிக்க, யாருடைய அரிசி மூட்டையோ என் முழங்காலை அழுத்த, கூடவே காது கிழியப் பாட்டு. முகமாலையில் மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகைகள். ஆனையிறவு தாண்டி, பரந்தனில் கிழக்கே திரும்பினோம். போருக்குப் பிறகு போட்ட ரோடு, ஒரு குலுக்கல் இல்லை. 1990இல் நின்றுபோன ரயிலும் 2014இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிட்டது. சரி, நிலைமை தேறிவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

புதுக்குடியிருப்பில் இறங்கி ஒரு சின்னக் கடையில் புட்டு, மீன் குழம்பு, சம்பல். ஆஹா! ஆவி பறக்கும் புட்டில் தேங்காய்ப்பூ தாராளம். குழம்பில் அந்தக் கறித்தூள் வாசம். இன்னொரு தட்டு வாங்கினேன். இந்தப் பயணத்தில் இதற்கு மேல் ஒரு சாப்பாடு கிடைக்கவில்லை, விலையும் 400 ரூபாய்தான்.

கடைக்கார அம்மாவின் கணவர் 2009இல் காணாமல் போனவர். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கடன் அட்டை. கிழமைக்கு ஒரு கையெழுத்தாக, மூலை மடங்கி, எண்ணெய்க் கறையோடு இருந்தது. "ரோட்டுப் போட்டாங்கள், கரண்ட் வந்தது, பிறகு லோன்காரரும் வந்திட்டினம். வேலைதான் வரேல்லை தம்பி" என்றார். ஒரு கடனை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மூன்றாவது. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய நுண்கடனை, 1 லட்ச ரூபாய் வரை, தானே ஏற்பதாக 2018இல் அரசு அறிவிக்க வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் பாருங்கள். வீட்டையும் தொழிலையும் பறிகொடுத்த பெண்களிடம் கிழமைத் தவணைக் கடனைக் கொண்டுபோய் நீட்டியது பெரிய தவறு. விதைக்கும் மாட்டுக்கும் மானியமாகக் கொடுத்திருக்க வேண்டிய பணம் அது.

அப்புறம் முள்ளிவாய்க்கால் வழியாக வட்டுவாகல் பாலம். 2009 மே மாதம் சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்த பாலம். ஒடுக்கமானது, பஸ் ஊர்ந்துதான் போனது. இரண்டு பக்கமும் தண்ணீர். பக்கத்து இருக்கைப் பெரியவர் பாலம் முடியும்வரை கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.