தரிசு உளுந்தில் செடி எண்ணிக்கைதான் விளைச்சல்

எங்கள் திருவாரூர்ப் பக்கம் உளுந்தைத் தனிப் பயிராக மதிப்பவர்கள் குறைவு. சம்பாவோ தாளடியோ அறுவடைக்கு வரும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே விதையைத் தெளித்துவிடுவார்கள். இதுதான் தரிசு உளுந்து. பிறகு காய் முற்றும்போதுதான் வயல் பக்கம் போவார்கள். உழவு கிடையாது, அடியுரம் கிடையாது. மண்ணில் மிஞ்சிய ஈரமும் தை, மாசிப் பனியும் வளர்த்துவிடும் என்று நம்பிக்கை. ஏக்கருக்கு ஒன்றரைக் குவிண்டால் கிடைத்தால் வந்தவரை லாபம் என்ற அந்தக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை.

விளைச்சல் எங்கே நழுவுகிறது என்று பார்க்க, மூங்கில் பிளாச்சில் ஒரு மீட்டர் சதுரச் சட்டம் கட்டி, வயலில் அங்கங்கே போட்டுச் செடிகளை எண்ணினேன். சதுர மீட்டருக்கு 33 செடி இருக்க வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. வரப்போரம் 40 இருந்தது. அறுவடை இயந்திரத்தின் தடத்தில் மூன்று. வைக்கோல் வரிசையாக விழுந்து கிடந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. அதன்பிறகு மருந்து, உரம் பற்றிய பேச்சையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, முளைப்பைக் காப்பாற்றுவதில் இறங்கினேன்.

முதலில் ஈரம். விதைக்கும்போது மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். சேறாக இருந்தால் விதை அழுகும். வெடிப்பு விட்டுவிட்டால் முளைக்காது. விதை தெளிக்க வந்த அத்தை, "தம்பி, காலை வைத்து எடுங்கள், பார்ப்போம்" என்றார். கால் தடம் அழுத்தமாக விழுந்தது; தடத்தில் தண்ணீர் ஊறவில்லை. "இதுதான் பதம்" என்று கூடையைத் தூக்கிவிட்டார். ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரம் கலந்து நிழலில் உலர்த்திய விதை, ஏக்கருக்கு 12 கிலோ.

கையறுவடை என்றால் 7 முதல் 10 நாள் முன்பு தெளிக்கலாம். இயந்திரம் இறங்குகிற வயலில் அது சரிப்படாது. முளை வெளியே தலைகாட்டியிருந்தால் நசுங்கிவிடும். அதனால் அறுவடை வண்டிக்கு நாள் உறுதியான பிறகே விதையைத் தெளித்தேன். டயர் வண்டியை வேண்டாம் என்று சொல்லி, பெல்ட் வண்டிக்காகக் காத்திருந்தேன். ஈர நிலத்தில் டயர் பள்ளம் பறித்துவிடும்.

வைக்கோல்தான் பெரிய சங்கடம். கட்டு கட்டி விற்றால் கையில் காசு. ஆனால் கட்டும் இயந்திரம் வருவதற்குள் முளை வெளுத்துப்போகும், வந்தபின் மிதிபடும். வைக்கோல் பணத்தை விட்டுவிட்டு, அறுத்த அன்றே ஆட்களை வைத்து வயல் முழுக்க மெல்லிசாகப் பரப்பினேன். மண் ஈரம் காயாமல் இருந்ததற்கும் அது உதவியது. இந்தப் பருவத்தில் நான் செய்த செலவுகளில் இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல மாட்டேன்.

இலைவழி உரம் அதற்கு அடுத்ததுதான். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல்நாளே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து 200 லிட்டராக்கி, பூக்கும்போது ஒருமுறையும் 15 நாள் கழித்து மறுமுறையும் மாலை வேளையில் அடித்தேன். இறுக்காமல் ஊற்றினால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும்.

ஆடுதுறை 3 தரிசுக்குப் பழகிய ரகம். ஆனால் மஞ்சள் தேமலுக்குத் தாங்காது. தேமலைப் பரப்புவது வெள்ளை ஈ. இளம் இலையில் மஞ்சள் திட்டுத் தெரிந்த செடிகளை அன்றன்றே பிடுங்கிப் புதைத்தோம். ஒரு மா நிலத்தில் மட்டும் தேமலைத் தாங்கும் வம்பன் 8 ரகத்தைத் தெளித்திருந்தேன். அங்கே பிடுங்கும் வேலை மிகக் குறைவு.

காய் கறுத்ததும், வெடித்துச் சிதறாதிருக்க, பனி உலர்வதற்குள் அறுத்தோம். வேரோடு பிடுங்காமல் அடியில் அறுக்கச் சொன்னேன். தழைச்சத்துள்ள வேர்முடிச்சு மண்ணுக்கே சேரட்டும் என்று. தூற்றி எடை போட்டபோது ஏக்கருக்கு மூன்று குவிண்டாலை ஒட்டி வந்தது. வடிகால் பக்கத்துத் தாழ்ந்த மூலையில் மட்டும் செடி சொட்டைதான். குறுவைக்கு முன் அந்த மூலையை மேடாக்கிச் சமன்படுத்த டிராக்டருக்குச் சொல்லியிருக்கிறேன்.