பூநாரைக்காக மட்டும் கோடியக்கரைக்குப் போகாதீர்கள்

செலவுக் கணக்கைத்தான் முதலில் எழுத நினைத்தேன். நாகை மாவட்டத்து வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயத்துக்குப் பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான். அதற்கு ஆட்டோக்காரர் 900 ரூபாய் கேட்டார். "உள்ள பஸ்ஸே வராது சார்" என்று அடித்துப் பேசினார். 600-க்கு இறங்கி வந்தார், அதுவும் அநியாயம். எங்கள் பின்னாலேயே அரசுப் பேருந்து வந்தது! காத்திருக்க முடிந்தால் அதிலேயே போங்கள்.

அகஸ்தியம்பள்ளியில் இருபுறமும் உப்பளம். 1930-இல் ராஜாஜி வந்து உப்பு அள்ளிய மண். அதைத் தாண்டினால் காடு. அங்கேயே ஆட்டோ கோபம் போய்விட்டது.

உயரமான மரங்களை எதிர்பார்க்காதீர்கள். இது உலர் பசுமைமாறாக் காடு. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே வாழ்கிறது, ஆனாலும் கோடையில் மொட்டையாக நிற்காது. பாலை மரங்கள் குட்டையாக, நெருக்கமாக, கடல்காற்றுக்கு வளைந்து நிற்கின்றன. 2018 கஜா புயலில் நிறைய சாய்ந்தன.

காடு முடிந்ததும் சட்டென்று புல்வெளி. அங்கே வெளிமான் கூட்டம்! கிடாக்கள் கருத்த முதுகும் முறுக்கிய கொம்புமாக நிமிர்ந்து பார்க்கின்றன. 1967-இல் இதைச் சரணாலயமாக்கியதே முக்கியமாக இவற்றுக்காகத்தான். கொஞ்சம் தள்ளி, ஒரு காலத்தில் வளர்ப்புக் குதிரைகளாக இருந்து காட்டில் திரியத் தொடங்கிய குதிரைகள். ஒரே வருத்தம், சீமைக்கருவேலம். நெற்றைத் தின்னும் விலங்குகளின் சாணத்திலேயே விதை பரவி, புல்லை விழுங்கிக்கொண்டு வருகிறது. வெளிமானுக்கு எட்டிப் பார்க்கவும் பாய்ந்து ஓடவும் திறந்தவெளி வேண்டும். புதர் மண்டினால் அதற்கு வாழ்வில்லை. வேரோடு பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்பேன்.

அப்புறம் சேற்றுப்பரப்பு. கணுக்கால் அளவு உவர்நீர், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. பூநாரைகள் தலையைக் கவிழ்த்து அலகால் நீரை வடிகட்டிக்கொண்டிருந்தன. எல்லாரும் அவற்றையே படமெடுத்தார்கள். என் கண் கரையோரம் ஓடிய சின்ன உள்ளான்கள் மேல்தான். உள்ளங்கையில் அடங்கும் பறவை, ஆர்க்டிக் பக்கத்திலிருந்து பறந்து வந்திருக்கிறது! மழை பெய்தால் இங்கே உப்பு குறைகிறது, வெயிலில் ஏறுகிறது. அதற்கேற்ப இரையும் மாறுகிறது, பறவையும் இடம் மாறுகிறது.

ராமர் பாதம் மணல்மேட்டில் ஏறினால் காடும் சேறும் ஒரே பார்வையில் தெரியும். அதைத் தவறவிடாதீர்கள்.

மதியம் வேதாரண்யத்தில் மீன் குழம்பும் வறுத்த மீனுமாக முழுச் சாப்பாடு, 150 ரூபாய். அந்தக் குழம்புக்கு இன்னும் நூறு சேர்த்தே கொடுத்திருப்பேன்.

சரி, எப்போது போவது? நவம்பர் முதல் பிப்ரவரி வரை. விடியற்காலையிலேயே போய்விடுங்கள், தொலைநோக்கி கட்டாயம்.