றைஸும் றெய்ஸும்

எங்கள் ரீச்சரிடம் ஆங்கிலம் படித்தவர்கள் இந்தச் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். அவர் கற்பித்தவற்றில் எனக்கு இன்றுவரை கைகொடுப்பது 'றைஸ்' (rise), 'றெய்ஸ்' (raise) என்ற இரண்டு வினைச்சொற்களின் பாடம்.

எங்கள் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். ரீச்சர் ஆங்கில இலக்கணத்தைத் தொடவேயில்லை. தமிழ்ப் பாடத்தில் படித்த தன்வினை, பிறவினையை எடுத்துக்கொண்டார். "சூரியன் தானாக எழும்பும், அது றைஸ். கை தானாக உயராது, நீதான் உயர்த்துகிறாய், அது றெய்ஸ்" என்றார். அவ்வளவுதான், விளங்கிவிட்டது.

அப்புறம் 'லை' (lie), 'லே' (lay). மேசையில் கிடந்த வெண்கட்டியைக் காட்டி 'லை' என்றார். அதை எடுத்துப் புத்தகத்தின் மேல் மெதுவாகக் கிடத்தி 'லே' என்றார். சிக்கல் இறந்தகாலத்தில் வந்தது. லை, லே, லெய்ன் (lie, lay, lain); லே, லெயிட், லெயிட் (lay, laid, laid). முதல் சொல்லின் இறந்தகாலமே இரண்டாவது சொல்லாகவும் நிற்கிறது! இங்கே கனடாவில் பிறந்து வளர்ந்தவர்களே இதில் தடுமாறுவதைக் கேட்கிறேன். ரீச்சர் தந்த வழி, வினையைப் பார்த்து "எதை?" என்று கேட்பது. "நேற்று வெண்கட்டி மேசையில் லே" என்றால் "எதை?" என்பதற்குப் பதில் இல்லை. ஆகவே அது 'லை'யின் இறந்தகாலம்.

பின்னாளில் சொற்பிறப்பு அகராதிகளைப் புரட்டியபோது ரீச்சரின் மேல் மதிப்பு இன்னும் கூடியது. ஆங்கிலத்துக்கு மூலமான பழைய ஜெர்மானிய மொழிகளில் வினையோடு ஒரு விகுதி சேர்ந்து பிறவினை பிறந்தது. விகுதி தேய்ந்து மறைய, உயிரொலி வேறுபாடு மட்டும் மிஞ்சிற்று. 'சிற்' (sit), 'செற்' (set) அப்படிப்பட்ட சோடி, நம் இரு, இருத்து மாதிரி. மரம் விழுவது 'ஃபோல்' (fall), மரத்தை விழுத்துவது 'ஃபெல்' (fell). இன்னொன்று, 'றெய்ஸ்' ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லே அல்ல. வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் சொந்தப் பிறவினை 'றியர்' (rear). பிள்ளை வளர்ப்பதற்கு இன்றும் அந்தச் சொல் உண்டு.

இப்போது வார இறுதியில் இங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். 'திரும்பு', 'திருப்பு' என்று எழுதினால் விழிக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த றைஸ், றெய்ஸிலிருந்து தொடங்கினால் ஓடு, ஓட்டு, ஆடு, ஆட்டு, உருகு, உருக்கு என்று தாங்களாகவே சோடி சேர்க்கிறார்கள். இந்த மலரை வாசிக்கும் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் ஒருமுறை இப்படிச் செய்து பாருங்கள்.