சோக்கல் மதிப்பெண்ணும் தொலைபேசிப் பட்டியலும்

புற்றுநோய் மருத்துவமனையின் புள்ளியியல் பிரிவில் வேலை என்பதால், நோயாளிகள் எனக்கு எக்செல் வரிகளாகத்தான் வருகிறார்கள். வயது, பிளேட்லெட் எண்ணிக்கை, ரத்தத்தில் பிளாஸ்ட் என்கிற முதிராத அணுக்களின் சதவீதம், விலா எலும்புக்குக் கீழே மண்ணீரல் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று டாக்டர் தொட்டுப் பார்த்து எழுதிய எண். சி.எம்.எல். என்கிற நாள்பட்ட ரத்தப் புற்றுநோயில், இந்த நான்கையும் வைத்துத்தான், நோயாளிக்கு ஆபத்து எவ்வளவு என்று கணிக்கும் சோக்கல் மதிப்பெண் 1984-இல் உருவானது.

அந்தக் காலத்தில் சி.எம்.எல். வந்தவர் பெரும்பாலும் அதனால்தான் இறந்தார். 2001-இல் இமாட்டினிப் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தபின் நிலைமை தலைகீழானது. அந்த மாத்திரையைச் சோதித்த ஐரிஸ் ஆய்வில், இமாட்டினிப்பில் சிகிச்சை தொடங்கியவர்களில் சுமார் 83 சதவீதம் பேர் பத்தாண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள்.

சரி, எழுபது வயதில் மாரடைப்பால் இறந்தவரை என்ன செய்வது? காலம் போகப் போக எத்தனை பேர் பிழைத்திருக்கிறார்கள் என்று கோடாக வரையும் கப்லான்-மையர் முறையில் அவரை 'தகவல் இத்தோடு முடிந்தது' என்று விட்டுவிட்டால், அவருக்கும் பின்னால் சி.எம்.எல். மரணம் வரலாம் என்றே கணக்கு எடுத்துக்கொள்ளும். நோயால் இறக்கும் வாய்ப்பு உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். அதனால்தான் 2016-இல் வந்த எல்ட்ஸ் மதிப்பெண், அதே நான்கு அளவுகளை எடுத்தாலும் சி.எம்.எல். மரணத்தை மட்டும் தனியாகப் பார்த்தது. வயதுக்கு இருந்த செல்வாக்கும் குறைந்தது.

ரத்தத்தில் நோய் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பி.சி.ஆர். சோதனையை வைத்து இளம் டாக்டர்கள் வேறொன்று கேட்டு வருவார்கள்: "சார், மூணாவது மாசம் பி.சி.ஆர். 10 சதவீதத்துக்குக் கீழ வந்தவங்களுக்கு ஒரு கர்வ், வராதவங்களுக்கு ஒரு கர்வ் போட்டுத் தாங்க." போடலாம். ஆனால் கடிகாரத்தை மூன்றாம் மாதத்திலிருந்துதான் ஓடவிட வேண்டும். அதற்கு முன்பே இறந்தவர் 'வராதவர்' பக்கம் விழுந்தால், மாத்திரை பலன் தந்தவர்களின் கோடு இலவசமாக உயர்ந்துவிடும்.

என்னைத் தூங்கவிடாதது இதெல்லாம் இல்லை, 'ஃபாலோ-அப் இல்லை' என்ற கட்டம். உடம்பு தேறிவிட்டது என்று வராமல் நின்றவர், ஊருக்குப் பக்கத்து மருத்துவமனைக்கு மாறியவர், பிளாஸ்ட் கிரைசிஸ் என்கிற முற்றிய கட்டம் வந்து வீட்டிலேயே இறந்தவர் எல்லாரும் அதற்குள்தான். காணாமல் போனவர்களும் வருகிறவர்களைப் போலத்தான் இருப்பார்கள் என்று நம் சூத்திரங்கள் நம்புகின்றன. நம்மூரில் இந்த நோய் மேலைநாடுகளைவிட இளம் வயதிலேயே வருகிறது, ஆளைப் பின்தொடர வேண்டிய வருடங்களும் அதிகம்.

இப்போதெல்லாம் யாராவது செயற்கை நுண்ணறிவு மாடல் போடலாமா என்று கேட்டால், சமூகப் பணியாளரின் தொலைபேசிப் பட்டியலை முதலில் கேட்கிறேன். யாரையெல்லாம் கூப்பிட்டார்கள், யார் எடுத்தார்கள், வீட்டார் என்ன சொன்னார்கள் என்று பார்த்து அந்தக் கட்டத்தை நிரப்பவே பல வாரம் பிடிக்கிறது. மாடல் அப்புறம்தான்.