‘ட்யூ டு’ (இதனால் வந்தது) என்ற இரண்டு வார்த்தைக்காக ஆறு நாள்

சென்னையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் இன்பேஷன்ட் சார்ட்டுகளைப் படித்து, அதில் டாக்டர் எழுதியிருக்கும் நோய்க்கும் ஆபரேஷனுக்கும் உரிய கோட் எண்ணைப் போடுவது என் வேலை. படித்தது பிசியோதெரபி என்பதால் எலும்புச் சார்ட் வந்தாலே கொஞ்சம் தெனாவட்டு இருக்கும், அந்தத் தெனாவட்டில்தான் மாட்டினேன்.

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. வலது இடுப்பு மூட்டை மாற்றியிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் எழுதியது ஒரே வரி: இரண்டு தொடை எலும்புத் தலைகளிலும் ஏவிஎன், வலது பக்கம் டோட்டல் ஹிப் செய்தாயிற்று. ஏவிஎன் என்றால் ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போவது. பழைய வியாதிகள் பகுதியில் லூபஸ் (உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் நோய்), மருந்துப் பட்டியலில் வருஷக்கணக்காக பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு. லூபஸ், ஸ்டீராய்டு, இடுப்பு எலும்பு, அடுத்து என்ன வரும் என்று சொல்ல கல்லூரியில் முதல் பெஞ்சில் இருந்திருக்கத் தேவையில்லை, கடைசி பெஞ்சுக்கே தெரியும். மருந்தால் வந்த எலும்பு நசிவு, வலது தொடை எலும்புக்கு எம்87.151, இடதுக்கு எம்87.152, ஸ்டீராய்டின் பக்கவிளைவுக்கு டி38.0எக்ஸ்5ஏ (T38.0X5A). பத்தே நிமிஷத்தில் சார்ட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் ஆடிட்டில் எரர். அதுவும் பிரின்சிபல் டயக்னோசிஸில், அதாவது அட்மிஷனுக்கு முக்கியக் காரணமான நோயில், எங்கள் கணக்கில் மார்க் அதிகமாகக் குறைவது அங்கேதான். நேரே ஆடிட்டர் அக்காவிடம் போய் நின்றேன்.

“ஸ்டீராய்டால வந்துச்சுன்னு யாருப்பா சொன்னா?”

“மருந்துப் பட்டியல்ல இருக்கே அக்கா.”

“மருந்து இருக்கு. அதனாலதான் வந்துச்சுன்னு எங்க இருக்கு? லூபஸே காரணமா இருக்கக் கூடாதா?”

வாயை மூடிக்கொண்டேன், ஏனென்றால் இருக்கலாம். லூபஸ் நோயாளிக்கு நோயும் காரணமாகலாம், மருந்தும் காரணமாகலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அதோடு அக்கா விடவில்லை, நர்ஸ் அட்மிஷன் குறிப்பைத் திறந்து காட்டினார். சில வருஷம் முன்னால் படிக்கட்டில் விழுந்து வலது இடுப்பில் அடி. நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. பழைய அடியால் வந்தது என்றால் எம்87.2, மருந்து என்றால் எம்87.1, இவை இரண்டும் இல்லாத வேறு காரணத்தின் விளைவு என்று டாக்டர் எழுதினால் எம்87.3. இன்னொரு நோயின் பகுதியாக வந்தது என்றால் எம்90.5 பக்கம் போய் அந்த நோயை முதலில் போட வேண்டும், ரத்தச் சிவப்பணு நோய்களிலும் ஆழ்கடலில் இறங்குபவர்களுக்கு வரும் கேசன் நோயிலும் அப்படித்தான். ஒரே எலும்பு, ஒரே எம்ஆர்ஐ, காரணத்தைப் பொறுத்து கோட் வேறு.

சரி, காரணமே எழுதவில்லை என்றால்? கோட் புத்தகத்தின் இண்டெக்ஸ் நம்மை எம்87.9-இல் கொண்டுபோய் விடும். அதில் வலது இடது கிடையாது, எந்த எலும்பு என்பதுகூடக் கிடையாது. மூட்டையே அறுத்து மாற்றிவிட்டு, எங்கேயோ ஏதோ ஒரு எலும்பு செத்துப்போனது என்று அனுப்புவதைப் போல. டாக்டர் காரணத்தை விட்டதில் இடமும் சேர்ந்து போகிறது, இந்த வடிவமைப்பு எனக்கு இன்னும் எரிச்சல்தான். இவ்வளவு நுணுக்கம் பார்க்கிற புத்தகத்தில், நோய் எந்த ஸ்டேஜ் என்று சொல்லவும் இடமில்லை. எலும்புத் தலை உருண்டையாகவே இருந்தாலும் நொறுங்கித் தட்டையாகிவிட்டாலும் அதே கோட்.

அப்புறம் குவெரி, அதாவது டாக்டரிடம் விளக்கம் கேட்கும் கடிதம், எழுத உட்கார்ந்தேன். முதல் டிராஃப்ட்: “ஸ்டீராய்டால் வந்த ஏவிஎன் என்று ஆவணப்படுத்தவும்.” அக்கா அனுப்பாமலே திருப்பிவிட்டார். இது கேள்வி இல்லை, பதிலை டாக்டர் வாயில் திணிப்பது. ஏசிடிஐஎஸ்-அஹிமா என்ற மருத்துவ ஆவணத் துறை அமைப்புகளின் குவெரி விதிகளில் (2022-இல் புதுப்பித்தார்கள்) இப்படிப் பதிலை நோக்கித் தள்ளுகிற கேள்வி கூடாது, பணம் எவ்வளவு மாறும் என்ற பேச்சும் கூடாது. திருத்தி எழுதினேன். சார்ட்டில் இருப்பதை மட்டும் வரிசையாக: லூபஸ், பிரெட்னிசோன் எத்தனை வருஷம், விழுந்த குறிப்பு, எம்ஆர்ஐயில் ரேடியாலஜிஸ்ட் சொன்னது. கீழே டிக் செய்ய: ஸ்டீராய்டு, லூபஸ், பழைய அடி, வேறு காரணம், தீர்மானிக்க முடியவில்லை. அந்தக் கடைசி இரண்டும் இல்லாமல் குவெரி போகவே கூடாது. ஆஸ்பத்திரியில் டாக்டர்களின் ஆவணங்களைச் சரிபார்க்கும் சிடிஐ டீம் வழியாக அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை சார்ட்டை ஹோல்டில் போட்டேன்.

ஆறு நாள். தினமும் காலையில் வந்ததும் அந்த ஹோல்ட் பட்டியலைத்தான் முதலில் பார்ப்பேன், டீம் லீடும் அதையேதான் பார்ப்பார், வேறு காரணத்துக்காக. ஏழாம் நாள் டாக்டர் பின்னால் சேர்த்த குறிப்பான அடெண்டம் வந்தது, ‘ட்யூ டு’ என்ற வார்த்தைகளோடு: நீண்டகால ஸ்டீராய்டால் வந்தது, இரு பக்கமும். நான் முதலில் போட்ட அதே கோடுகள்! எரரை எதிர்த்து ரிபட்டல் போடலாமா என்று ஒரு நிமிஷம் கை பரபரத்தது. ஆனால் நான் போட்ட அன்று அந்த வரி சார்ட்டில் இல்லை, எரர் எரர்தான்.

இரண்டாவது முறை முடிக்கும்போது மெதுவாகப் போனேன். இந்த எம்87-இல் இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே கோட் கிடையாது, வலது இடது தனித்தனி. பக்கவிளைவு என்பதால் எலும்பு முதலில், டி கோட் அதற்குப் பின்னால். லூபஸுக்கு எம்32, மருந்து இன்னும் ஓடுவதால் இசட்79.52. புதிதாகச் சேர்பவர்கள் இங்கே ஒரு இடத்தில் குழம்புவார்கள்: வலி இடுப்பு மூட்டில், ஆனால் ஏவிஎன்னுக்கு இடம் என்பது எலும்பு, மூட்டு இல்லை, அதனால் தொடை எலும்பு, ஆபரேஷன் கோட் மட்டும் வலது இடுப்பு மூட்டு என்று 0எஸ்ஆர்9-இல் தொடங்கும். ஒரே சார்ட்டில் இரண்டு பெயர், இரண்டும் சரி.

எட்டு மாசம் கழித்து இடது பக்க ஆபரேஷனுக்கு அதே பெண்மணியின் சார்ட் என் பட்டியலிலேயே விழுந்தது. வலது இடுப்பு செயற்கை மூட்டு, அதற்கு இசட்96.641, எம்87.151-க்கு வேலை இல்லை. ஆவலாக டிஸ்சார்ஜ் சம்மரியைத் திறந்தேன். இடது தொடை எலும்புத் தலையில் ஏவிஎன், டோட்டல் ஹிப் செய்தாயிற்று. அவ்வளவுதான். பழைய அட்மிஷனில் எழுதியதை எடுத்து இதில் போடக் கூடாது, ஒவ்வொரு அட்மிஷனும் தனி. பழைய குவெரியைத் தேடி எடுத்து, வலது என்று இருந்த இடங்களை மாற்றி, மறுபடி அனுப்பிவிட்டு சார்ட்டை ஹோல்டில் போட்டேன்.